இடது பின் சக்கரம்

பெரியமேட்டில், மசூதிக்கு இரண்டு கடை தள்ளி
பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றுகிறேன்.
எந்த ஊருக்குப் போகலாம் என்று
என்னிடமும் சிலர் கேட்பதுண்டு.
நான் போன அதிகபட்ச தூரம் ஆம்பூர்.
ஆனாலும் சொல்வேன்.

லிஸ்பனுக்குப் போங்கள்.
தெருவெல்லாம் கல் பதித்த ஏற்றம்.
ரப்பர் முழுக்கத் தேய்ந்து
அச்சு மட்டும் மிஞ்சி வருகிற பெட்டிக்காரர்கள்
ஒருவர்கூட அந்த ஊரைத் திட்டியதில்லை.
கூலியைச் சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள்.

வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு.
சக்கரம் சும்மா இருக்க, அடி வாங்குவது மூலைகள்.
புதுமணத் தம்பதி கொண்டுவந்த பெட்டியில்
நான்கு மூலையும் நசுங்கியிருந்தது.
ஒவ்வொரு நசுங்கலுக்கும்
ஒரு பாலத்தின் பெயர் சொல்லிச் சிரித்தார்கள்.
சரி செய்யட்டுமா என்றேன்.
வேண்டாம், கைப்பிடி மட்டும் போதும் என்றார்கள்.

ஐஸ்லாந்தின் கடற்கரை கறுப்பு.
கிரீஸோடு சேர்ந்து
அரைத்த மிளகுபோல் ஒட்டியிருந்தது.
துடைத்துப் போட மனமில்லாமல்
ஒரு பொடி டப்பாவில் எடுத்து வைத்தேன்.
அடுத்த டப்பாவில் பெட்ராவின் சிவப்பு
(செங்கல் சூளைக்காரர் பெட்டி என்றே நினைத்தேன் முதலில்).
கியோட்டோவிலிருந்து ஒரு மேப்பிள் காம்பு.
சிங்கப்பூரிலிருந்து எதுவும் வராது.
அங்கே போன சக்கரம்
குளித்துவிட்டு வந்த பிள்ளைபோல் திரும்பும்.
அந்த ஊரால் எனக்குப் பிழைப்பில்லை.

போன ஆடியில், தூறலில் நனைந்தபடி
குணசீலி அம்மா வந்தார்.
டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.
நீலப் பெட்டி. புத்தம் புதுசு.
கைப்பிடியில் பாலித்தீன்கூட உரிக்கவில்லை.
இடது பின் சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

கவிழ்த்துத் தட்டினேன்.
மஞ்சள் மணல். பொடிச் சிப்பி.
ஒரு வேர்க்கடலைத் தோல்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
சென்னைக்காரனுக்கு அந்த மணலை
யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அவரே சொன்னார்.
பாஸ்போர்ட்டில் பெயர் ஒன்றுதான்.
குடும்பப் பெயருக்கான கட்டம் காலி.
விமானம் மாறுகிற நாட்டுக்கு
ஒற்றைப் பெயர் ஆகாதாம்.
அப்பாவின் முதலெழுத்து ஒன்றை வைத்துக்கொண்டு
அறுபத்தொரு வருடம் ஓட்டியவரிடம்
கவுன்ட்டர் பையன் மூன்று தடவை கேட்டானாம்:
மேடம், மீதிப் பெயர் எங்கே?

வீட்டுக்குப் போகக் கூச்சம்.
காலையில்தான் அடுக்ககமே இறங்கி வந்து வழியனுப்பியிருந்தது.
திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி
பார்க்கில் மாறி, லைட் ஹவுஸில் இறங்கி
இருபத்துமூன்று கிலோவையும்
தண்ணீர் வரைக்கும் இழுத்துப் போயிருக்கிறார்.

"பெட்டி மேலேயே உக்காந்துட்டேன்.
எங்கேர்ந்து வர்றீங்கன்னு கேட்டான் சுண்டல் விக்கிற பையன்.
இஸ்தான்புல்னு சொல்லிட்டேன்.
எப்படி இருக்கும்னான்.
பூனைங்க, படகு, கண்ணாடிக் கிளாஸ்ல டீ...
ஆறு மாசமாப் படிச்சு வச்சிருந்தேனே.
இருட்டுற வரைக்கும் சொன்னேன்.
அவன் அன்னைக்கு ஒண்ணும் விக்கல."

மணலை ஒரு டப்பாவில் போட்டேன்,
கறுப்புக்கும் சிவப்புக்கும் பக்கத்தில்.

அந்த அளவில் புதுச் சக்கரம் இருப்பில் இல்லை.
பழசு ஒன்று கிடந்தது,
உடைந்த பெட்டியிலிருந்து கழற்றியது,
லிஸ்பன் ஏற்றத்தில் உயிர் பிழைத்தது.
அதைப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.
காசை எண்ணிக்கொண்டே அவர் சொன்னார்,
அப்பா பெயர் தாவீது,
இந்த முறை முழுசாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

கடைக்குள்ளேயே ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார்.
"சத்தம் போடுதே."

போடும்மா, என்றேன்.
கொஞ்சம் தூரமாகப் போனால்
அடங்கிவிடும்.